சங்கின் உள்நிறம்

சுவருக்கு நிறம் பூசுவதைப் பற்றிச் சொல்ல ஓர் எழுத்தாளன் எதற்கு, பெயின்ற் கடைக்காரர் போதாதா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நானும் அவ்வாறே கேட்டிருப்பேன். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் வெள்ளைச் சுவருக்கும் கரும்பலகைக்கும் நடுவே நின்று வாழ்ந்தவன் நான். நிறங்களைப் பற்றி எனக்கு எவ்வித அபிப்பிராயமும் இருந்ததில்லை. அந்த அபிப்பிராயத்தை என் தாயார் தமது 84ஆவது வயதில் எனக்குக் கற்பித்தார்.

எங்கள் வீடு சீனன்குடாவில் இருக்கிறது. புகையிரத நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம். முற்றத்தில் நின்று பார்த்தால், மரங்களுக்கு மேலே எண்ணெய்க் குதங்களின் தலைகள் சில தெரியும். பிரித்தானியக் கடற்படையினர் கட்டிய அந்தக் குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. காட்டுக்குள்ளே துருவேறி, கொடி படர்ந்து, இராட்சதர்கள் கைவிட்டுப்போன பானைகளைப் போல அவை நிற்கும் காட்சி, இவ்வூரார்க்குப் பழகிப்போன ஒன்று. என் அம்மப்பா அந்தக் குதங்களில் வேலை பார்த்தவர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, ஒரு வயதுக் குழந்தையாயிருந்த என் தாயாரைத் தூக்கிக்கொண்டு தம்பலகாமத்துக்கு ஓடியவர். போர் முடிந்தபின் தம் கையாலேயே மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுத்து இந்த வீட்டைக் கட்டினார். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். நிலத்துக்குச் சிவப்புச் சீமெந்து. கீழ்க்கரை வழக்கப்படி வீடு மகளுக்கே உரியது. ஆதலால் 1961இல் என் தாயாரின் திருமணத்தோடு இது சீதன வீடாயிற்று.

திருமணத்துக்கு முதல் வாரம், நடு அறைக்கு அம்மப்பா ஒரு நிறம் பூசினாராம். வெள்ளையும் அன்று, காவியும் அன்று, மஞ்சளும் அன்று. “சங்கை நிமிர்த்திப் பார்த்தால் வாய்க்குள்ளே ஒரு நிறம் தெரியுமே, அது” என்பார் அம்மா. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நாங்கள் இந்த வீட்டை விட்டு ஓடினோம். ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது கூரை இல்லை, கதவுகள் இல்லை. சுவர்கள் மட்டும் மழை குடித்து நின்றன. அப்பா முகாமிலேயே இறந்துவிட்டார். கையிலிருந்த பணத்துக்குக் கூரை போட்டு, அகப்பட்ட வெள்ளையை அடித்துக் குடியேறினோம். அந்த வெள்ளை முப்பது ஆண்டுகள் இருந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவருடைய இரு கண்களிலும் புரை முற்றிவிட்டது. வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குப் பெயர் பதிந்துவிட்டு வந்த அன்று மாலை, வாசற்படியில் இருந்தபடியே சொன்னார்: “மகன், கண் திறந்து பார்க்கும்போது நடு அறை பழையபடி இருக்கவேணும்.”

நான் மறுநாள் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய், ஒரு கடையில் வர்ண அட்டை வாங்கி வந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர். நான் சங்கு என்றதும் சிரித்தார். “சேர், அதுக்கு இப்ப பேர் பீச். இந்த வருஷத்து நிறமே அதுதான்” என்றார். விசாரித்தபோது அது உண்மையே. நிறங்களுக்கு எண்ணிட்டு உலகெங்கும் விற்கும் அமெரிக்க நிறுவனமாகிய பான்டோன், 2023 டிசம்பரில், வரும் ஆண்டின் நிறம் ‘பீச் ஃபஸ்’ என அறிவித்திருந்தது. பீச்சுப் பழத்தின் மேல் இருக்கும் மெல்லிய மயிர்ப்பட்டு என்பது அதன் பொருள். பழத்தையே அறியாத ஊரில் பழத்தின் மயிருக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

ஆனால், அந்தப் பழத்துக்கும் எங்கள் ஊர்ப் பெயருக்கும் ஒரு விந்தையான உறவு உண்டு. பீச்சு மரம் சீன தேசத்தில் பிறந்தது. பாரசீகத்தின் வழியாக ஐரோப்பாவை அடைந்ததால், மேனாட்டுத் தாவரவியலார் அதற்குப் பாரசீகப் பெயரைச் சூட்டிவிட்டனர். கனிஷ்கர் காலத்தில் பிணையாளராக வந்த சீனர்களே பஞ்சாபு நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தனர் என்றும், ஆதலால் அவ்விடத்தார் அப்பழத்தைச் ‘சீனனி’ என அழைத்தனர் என்றும் ஏழாம் நூற்றாண்டில் வந்த யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதி வைத்திருக்கிறார். சீனன்குடா என்ற பெயர் எவ்வாறு வந்தது என்ற ஆராய்ச்சியில் நான் இப்போது இறங்கப் போவதில்லை. சீனனியின் நிறம் சீனன்குடாவுக்கு வந்து சேர்ந்ததில் பிழையொன்றுமில்லை என்று மட்டும் என் மனத்துக்குச் சொல்லிக்கொண்டேன்.

சன்னலோரம் அட்டையைப் பிடித்து, அம்மா ஒரு கட்டத்தைக் காட்டினார். நான் இரண்டு வாளி இமல்சன் வாங்கினேன். ஆவணி மாதத்தில் பூசி முடித்தோம்.

பூசியபின் அந்த அறைக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் தயங்கினர். அட்டையில் தபால்தலை அளவில் இருந்தபோது நாணத்தோடு இருந்த நிறம், நான்கு சுவர்களிலும் ஏறியதும் கூச்சலிடத் தொடங்கிற்று. இதற்குக் காரணம் உண்டு. ஒரு சுவரிற் பட்ட ஒளி எதிர்ச்சுவருக்குத் திரும்புகிறது; அங்கிருந்து மறுபடியும் இங்கே வருகிறது. ஒவ்வொரு முறையும் சுவர் தனக்குப் பிடித்த செம்மையை வைத்துக்கொண்டு நீலத்தை விழுங்கிவிடுகிறது. ஆகவே நிறம் செறிந்துகொண்டே போகிறது. அட்டையில் மனத்துக்குப் பிடித்ததைவிட இரண்டு படி வெளிறியதையே சுவருக்குத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். எங்கள் வீட்டிலோ சிவப்புச் சீமெந்து நிலம் வேறு. அதிற் பட்டுத் தெறித்த வெயில், சுவர்களின் கீழ்ப்பாதியைக் காலை பத்து மணிக்கெல்லாம் அரிந்த தக்காளிப்பழமாக ஆக்கிற்று.

இரவில் இதற்கு நேர்மாறு. எங்கள் வீட்டில் எரிவது வெண்ணிற மின்குழல் விளக்கு. அதன் ஒளியில் நீலமும் பச்சையும் மிகுதி, செம்மை குறைவு. பகலிற் கூச்சலிட்ட சுவர், இரவில் சாம்பல் பூத்து, நோயாளியின் முகம்போல ஆயிற்று. 1961இல் இந்த வீட்டில் மின்சாரமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா மனத்தில் வைத்திருந்தது மண்ணெண்ணெய் விளக்கின் பொன்னொளியில் கண்ட நிறம். அந்த ஒளியை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் கடையிலிருந்து எப்படிக் கொண்டுவருவது?

அயல் வீட்டு ஆசிரியர் ஒருவர் என்னைத் தேற்ற முயன்றார். இவ்வகை நிறங்கள் கோபத்தைத் தணிக்கும் என்று விஞ்ஞானம் கண்டிருப்பதாகச் சொன்னார். அந்தக் கதையின் மூலத்தையும் தேடினேன். 1979இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறையில், கைதிகளை அடைக்கும் அறை ஒன்றுக்கு இளஞ்சிவப்பு அடித்து, அதனால் அவர்கள் சாந்தமடைந்தனர் என்று அறிவித்தனர். அந்நிறத்துக்கு அச்சிறையின் அதிகாரிகள் இருவரின் பெயரையே சேர்த்துச் சூட்டினர். பிற்காலத்தில் சுவிற்சர்லாந்துச் சிறையொன்றில் ஒழுங்காகப் பரிசோதித்தபோது அத்தகைய பலன் எதுவும் தென்படவில்லை. என் அனுபவமும் சுவிற்சர்லாந்துக்காரர் பக்கமே. அந்த அறையில் எனக்குக் கோபம் வந்துகொண்டுதான் இருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. “நல்லா இருக்கு மகன்” என்றார். அந்த ‘நல்லா இருக்கு’ என்பதன் பொருள் எனக்குத் தெரியும். நான் முதன்முதலாகச் சமைத்துப் போட்ட கஞ்சியைக் குடித்துவிட்டும் அவர் அப்படித்தான் சொன்னார்.

ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை வந்தது. மார்கழியில் சுவரிற் கொப்புளங்கள் எழுந்தன. தை பிறந்தபோது, விரலால் தொட்டால் இமல்சன் தோல் தோலாக உரிந்தது. உள்ளே வெண்ணிறப் பொடி, உப்பு. கிண்ணியாவிலிருந்து ஒரு நானாவை அழைத்து வந்தேன். தலைமுறையாகச் சுண்ணாம்பு வேலை செய்த குடும்பம். இப்போது பெயின்ற் வேலையும் செய்கிறார். அவர் சுவரைப் பார்க்கவில்லை, முகர்ந்தார். பிறகு சொன்னார்: “இந்தச் சுவர் மூச்சு விடுற சுவர் சேர். நீங்க அதுக்கு ரப்பர் சட்டை போட்டிருக்கீங்க.”

அவர் சொன்னது முற்றிலும் சரி. இவ்வகைப் பழைய வீடுகளில், நிலத்து ஈரம் மேலேறாமல் தடுக்கும் படை அத்திவாரத்தில் இல்லை. ஈரம் செங்கல்லின் வழியாக ஏறும். கடலோர மண்ணாதலால் உப்பையும் கூட்டிக்கொண்டு ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். பிளாஸ்ரிக் படலமோ விடாது. தங்கிய நீர் படலத்துக்குப் பின்னே காய்ந்து உப்புப் பளிங்காகும்போது பூச்சைத் தள்ளிவிடும். 1995இல் திரும்பி வந்தபோது, சுவரின் கீழ் மூன்றடிக்கு நாங்கள் சீமெந்து பூசியதும் இதே தவறுதான். ஈரம் நிற்கவில்லை, சீமெந்தைத் தாண்டி நான்காவது அடியில் வெளிப்பட்டது. அக்காலத்தில் சீமெந்தென்றால் எங்களுக்கு அத்துணை நம்பிக்கை. 1980களில் சீனன்குடாவிலேயே சீமெந்துத் தொழிற்சாலை எழுந்துவிட்டது. அதன் பிறகு சுண்ணாம்பை வெற்றிலைக்கன்றி வேறெதற்கும் நினைத்தவர் யார்?

மாசி மாதத்தில் நானாவும் அவருடைய பத்தொன்பது வயது மகனும் சுரண்டத் தொடங்கினர். இமல்சன் போயிற்று. அதன் கீழே எங்கள் அகதி வெள்ளை. அதன் கீழே, பாசியும் கரியும் படிந்த ஒரு படை. கூரையில்லாமல் நின்ற ஐந்து ஆண்டுகள் அது. அதன் கீழே நீலம் கலந்த வெள்ளை. நான் பள்ளி சென்ற காலத்து நிறம் என்று அடையாளம் கண்டுகொண்டேன். அதற்கும் கீழே போனால் செங்கல்லே வந்தது. பெரும்பாலான இடங்களில் மழை அந்த அடிப்படையைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. ஆனால் விளக்கு வைக்கும் மாடத்தின் உட்புறத்தில் மழை படவில்லை. நானாவின் மகன் உளியின் முனையால் மெதுவாகத் தட்டினான். தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஒரு துண்டு கழன்று விழுந்தது. அதன் பின்னே இருந்தது அந்த நிறம்.

நான் அதைப் பார்த்தபடி நின்றேன். அது பீச்சும் அன்று, தக்காளியும் அன்று. சுண்ணாம்பின் வெண்மைக்குள் இருந்து யாரோ ஒரு கைவிளக்கை ஏந்திக்கொண்டு வருவதுபோல இருந்தது.

அது என்னவென்று நானா விளக்கினார். மிகச் சாதாரணமான பண்டம்: நீர்த்த சுண்ணாம்பு, சிறிது செங்காவி, அதனினும் சிறிது மஞ்சட் காவி, பிசின் நீர். காவி இரண்டும் ஒரே இரும்பின் பிள்ளைகள். மஞ்சட் காவியை நெருப்பில் வாட்டினால் அதிலுள்ள நீர் போய்ச் செங்காவியாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தை எல்லா நிறமும் தாங்குவதில்லை. பிரஷ்ய நீலம் போன்றவை அதில் அழிந்துபோகும். மண்ணிற் பிறந்த காவிகள் தாங்கும். சுவரிற் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மறுபடியும் கல்லாகிறது; காவித் துகள்கள் அந்தக் கல்லுக்குள்ளே பிடிபட்டுக்கொள்கின்றன. ஆகவேதான் அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் மாடத்துக்குள் அது வெளிறாமல் இருந்தது.

இரும்பின் இந்தச் செம்மை எங்கள் துறைமுகத்தின் வரலாற்றிலும் ஓரமாகத் தலைகாட்டுகிறது. மவுண்ட்பேட்டன் பிரபு 1940இல் தம்முடைய நாசகாரிக் கப்பல்களுக்கு ஊதா கலந்த ஓர் இளஞ்சிவப்பை அடிக்கச் செய்தார். சாம்பல் நிறத்தோடு சிறிது வெனிஸ் நாட்டுச் செங்காவியைக் கலந்து ஆக்கிய நிறம் அது. வைகறையிலும் அந்தியிலும் வானும் கடலும் அந்நிறம் கொள்வதால் கப்பல் பகைவன் கண்ணுக்குத் தெரியாது என்பது அவர் எண்ணம். அந்நிறத்தால் ‘இளஞ்சிவப்புச் சீமாட்டி’ என்று பெயர் பெற்ற கென்யா என்னும் போர்க்கப்பல், பிற்காலத்தில் திருகோணமலையைத் தளமாகக் கொண்ட கீழைக் கடற்படையிலும் பணி செய்தது. வைகறைக்கும் அந்திக்கும் சரி. நண்பகலில் என்ன செய்வது? அந்த வேடம் நெடுநாள் நிலைக்கவில்லை. நண்பகலைக் கணக்கிடாமல் நிறம் தேர்ந்தவர்களின் வரிசையில் எனக்கு முன்னே ஒரு பிரபுவும் இருப்பது எனக்குச் சற்று ஆறுதல்.

சுண்ணாம்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அம்மப்பா வாங்கியது முருகைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பு. கல்குடா, வாழைச்சேனைப் பக்கங்களிலும் அக்காலத்தில் முருகைக்கல் சூளைகள் எரிந்தன. அதன் வெண்மைக்கு நிகரில்லை என்று நானா சொன்னபோது அவர் குரலில் ஏக்கம் இருந்தது. எனக்கும் ஒரு வாளி கிடைக்காதா என்ற ஆசை எழாமலில்லை. ஆயினும், முருகைக்கல்லைத் தோண்டிய கரைகளைக் கடல் தின்னத் தொடங்கியதால், சட்டம் அதைத் தடுத்தது, தடுத்ததே நியாயம். நாங்கள் மாத்தளைப் பக்கத்துக் கல்சுண்ணாம்பை வரவழைத்து, தொட்டியில் நீற்றி, பங்குனி முழுவதும் நீரின் கீழே ஊறவிட்டோம்.

அந்தப் பங்குனியில்தான் அம்மாவின் வலக்கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டவிழ்த்து வீட்டுக்கு வந்த மறுநாள் மாடத்தின் முன்னே ஒரு நாற்காலியைப் போடச் சொன்னார். இருந்தார். இடக்கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார். பிறகு வலக்கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடியும் மாற்றினார்.

“மகன், இது இரண்டு நிறம்.”

எனக்கு விளங்கவில்லை. பிறகு வைத்தியரிடம் கேட்டேன். வயது ஏற ஏற, கண்ணின் வில்லை எல்லோருக்கும் மஞ்சளாகிறது. புரை முற்றும்போது தேநீர் நிறமாகிறது. அதன் வழியே பார்ப்பவர் நீல ஒளியை இழந்துவிடுகிறார். மெல்ல மெல்ல நிகழ்வதால் மனம் அதற்குப் பழகிப்போய், வெள்ளையை வெள்ளையென்றே எண்ணிக்கொள்கிறது. புரையை எடுத்துத் தெளிந்த செயற்கை வில்லையை வைத்ததும் உலகம் திடீரென நீலமாகிறது. ஒரு கண்ணில் மட்டும் செய்துகொண்டவர்க்கோ, இரண்டு உலகமும் பக்கத்திற் பக்கத்தில் தெரிகின்றன. அம்மா அட்டையில் அந்தக் கூச்சலிடும் நிறத்தைக் காட்டியதன் மருமம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தேநீரின் வழியே பார்த்து, அந்தத் தேநீரையும் சேர்த்து நிறம் தேர்ந்திருக்கிறார்.

அப்படியானால் எந்தக் கண்ணுக்குப் பொருந்தும்படி பூசுவது? நான் மாடத்துத் துண்டை வைத்து அதேபோலக் கலந்துவிடலாம் என்றேன். அம்மா தயங்கினார். புதிய கண்ணுக்கு அந்தத் துண்டு அவர் நினைத்திருந்ததைவிட வெளிறியும் குளிர்ந்தும் இருந்தது. முப்பது ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்த நிறம் ஒருவேளை கண்ணோடு சேர்ந்தே பழுத்துவிட்டதோ என்று அவர் அஞ்சியதை நான் கண்டேன். முகாமில், தகரக் கொட்டிலில், இரவு நேரங்களில் அந்த அறையைப் பற்றி அவரும் அப்பாவும் பேசிக்கொள்வார்கள். அது இப்படி இருந்ததா, அப்படி இருந்ததா என்று கேட்பதற்கு இப்போது அப்பா இல்லை.

“மற்றக் கண்ணும் வரட்டும்” என்றார்.

ஆனியில் மற்றக் கண்ணும் வந்தது. ஒரு வாரம் வீட்டையெல்லாம் குற்றம் சொன்னார். என் சட்டை அழுக்கென்றார். அடுப்படி ஓரத்து ஒட்டடையைக் கண்டுபிடித்தார். என் தலை இவ்வளவு நரைத்திருப்பதைத் தமக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று வருந்தினார். பிறகு நானாவை வரச் சொன்னார்.

நானா செங்கற்களிற் பூசிப் பூசிக் காட்டினார். ஒரு வாளிச் சுண்ணாம்புக்கு அரைச் சிரட்டை செங்காவி. அதிற் பாதி மஞ்சட் காவி. அங்கிருந்து கூட்டியும் குறைத்தும் ஏழு செங்கற்கள். சுண்ணாம்பு ஈரமாயிருக்கும்போது நிறம் கடுமையாகத் தோன்றும். காய்ந்தபின்தான் உண்மை தெரியும். ஆகவே ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நாள் காத்திருக்கவேண்டும். காவி மிகுந்தால் பூச்சு கையில் ஒட்டிக்கொண்டு உதிரும். சுண்ணாம்பின் எடையிற் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் குடும்பத்துக் கணக்கு. கற்களைக் காலையிற் சன்னலடியிலும், நண்பகலிற் சிவப்பு நிலத்தருகிலும், இரவில் விளக்கின் கீழும் வைத்துப் பார்த்தோம். ஐந்தாவது கல்லா ஆறாவது கல்லா என்பதில் எனக்கும் நானாவுக்கும் வாக்குவாதம். நானாவின் மகன் ஐந்தென்றான். அவன் கண்ணே எங்கள் மூவரிலும் இளையது. அம்மாவும் ஐந்தென்றார்.

“உங்கள் இரண்டு பேருக்கும் இனிக் கண் மஞ்சள். நானும் இந்தப் பொடியனும் சொல்கிறதுதான் கணக்கு” என்றார். வயதில் அறுபத்தைந்து ஆண்டு இடைவெளியுள்ள அந்த இருவரும் ஒரு கட்சியாகி, எங்களை வென்றனர்.

ஆடி மாதம் கச்சான் காற்று. சுண்ணாம்பு விரைந்து காய்ந்தால் பொடியாகிவிடுமாதலால், சன்னல்களுக்கு ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, சுவருக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, நான்கு மென்படைகள் பூசினர். கீழேயிருந்த சீமெந்தை முன்னரே கொத்தி எடுத்துவிட்டோம். கூரைக்கு வெள்ளை. மின்குழல் விளக்கு இருந்த இடத்தில் மஞ்சள் ஒளி தரும் எல்.ஈ.டி. குமிழ் ஒன்று. சட்டை உரசினால் இன்னும் சிறிது வெள்ளை ஒட்டத்தான் செய்கிறது. ஆண்டுக்கொருமுறை ஒரு படை பூசவேண்டிவரும். இமல்சனோடு ஒப்பிட்டால் இது வேலை மிகுந்த காரியம் என்பதை மறைக்க மாட்டேன்; புதிய சீமெந்து வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்யவும் மாட்டேன்.

நானா கடைசியாக மாடத்துக்குள் தூரிகையை நீட்டியபோது அம்மா தடுத்தார்.

“அதை விடுங்கோ தம்பி. அது ஐயா பூசினது.”

நானா வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மாலை ஆறு மணி. எண்ணெய்க் குதங்களுக்குப் பின்னே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஆளியைப் போடக் கையை உயர்த்தினேன். “பொறு மகன்” என்றார் அம்மா. மாடத்தில் விளக்கை வைத்து, திரியைத் தூண்டி, நாற்காலியில் அமர்ந்தார். நான் வாசற்படியில் இருந்துகொண்டேன்.